‘மற்றவை நேரில்’: கடிதக்கால நினைவேக்க எழுத்துகள் குறித்து ஒரு திறனாய்வு

இணையம் பொதுமக்கள் கைக்கு எட்டிய பின்னர்த் தமிழ் உரைநடையில் ஒருவகைக் கட்டுரை பல்கி வந்துள்ளது. அஞ்சலட்டை, உள்நாட்டுக் கடிதம், தந்தி, பதிவு செய்துவிட்டுக் காத்திருந்து பேசிய வெளியூர்த் தொலைபேசி, ஒலிநாடா, வானொலிப்பெட்டி ஆகியவற்றோடு கழிந்த அன்றாட வாழ்வை எண்ணி இரங்குவதே அதன் பொருளாகும். இந்தியாவில் இணைய இணைப்புப் பொதுமக்கட்கு வழங்கப்படத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள். அதன்பின் இருபது ஆண்டு நிறைவதற்குள், 2013 ஜூலையில், தந்திப்பணி நிறுத்தப்பட்டது. அப்போது இதழ்களில் வெளிவந்த இரங்கலுரைகள் பல. அதன் பின்னரும் இவ்வகை எழுத்து ஓய்ந்தபாடில்லை.

இவற்றைப் பொழுதுபோக்கு எழுத்தென்று ஒதுக்கிவிடலாமே எனின், அது தகாது. ஒரு தலைமுறை தன் இளமையை எச்சொற்களால் நினைவுகூர்கின்றதோ, அச்சொற்களையே பின்வருந் தலைமுறை வரலாறாகக் கொள்ளும். ஆகலின், அச்சொற்கள் மெய்யோடு பொருந்துவனவா என ஆராய்தல் திறனாய்வாளர்க்குக் கடனாகின்றது. பொருள் விரிவஞ்சிக் கடிதம் பற்றிய நினைவேக்கத்தை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். தந்தி இடையிடையே வரும்.

இவ்வெழுத்துகளைத் தொடர்ந்து பயில்வார்க்குச் சில கருத்துகள் மாறாது திரும்பி வருதல் புலனாகும். காத்திருத்தலினால் அன்பு முதிர்ந்தது. கையெழுத்தில் எழுதியவர் நெஞ்சம் தெரிந்தது. கடிதம் இருவர்க்கிடையே அமைந்த தனியுலகம். இன்றைய விரைவு அவ்வுலகைக் குலைத்துவிட்டது என்பன அவை. முல்லைத் திணைக்குரிய இருத்தலை மேற்கோளாக்கி, அஞ்சற்காரரை எதிர்நோக்கித் திண்ணையில் அமர்ந்தாளை முல்லைத் தலைவியோடு ஒப்பிடுவாரும் உளர். இவ்வொப்புமை மேலோட்டமானது. முல்லைத் தலைவி எதிர்நோக்குவது தலைவனையே அன்றித் தலைவன் சொல்லையன்று. அவளுக்குக் கார்காலம் என்னும் எல்லையும் உண்டு. திண்ணையில் அமர்ந்தாள் எதிர்நோக்குவது ஒரு தாளை. அவளுக்கு எல்லை ஏதும் இல்லை. அன்றியும், அத்தாளை அவள் தானே படிக்க வல்லளா என்னும் வினாவை ஒப்பிட்டவர் எழுப்பவேயில்லை. இக்கட்டுரை முழுதும் அவ்வினாவைச் சுற்றியே செல்லும்.

பண்டை நிலை மாறியதற்கு வருந்துதல் தமிழ் இலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நிலைக்களமாகக் கூறும் நான்கனுள் அசைவும் ஒன்று. முன்னைய நிலை கெட்டு வேறுபட்டு வருந்துதலே அசைவென உரை கூறப்பட்டுள்ளது. இழவு வேறு, அசைவு வேறு என ஆசிரியர் பிரித்தமை எண்ணத்தக்கது. பொருளை இழத்தல் இழவு. தான் பிறிதொருவனாய் மாறிவிடுதல் அசைவு. நினைவேக்க எழுத்தாளர் தம் அசைவை இழவாக மயங்குகின்றனர் என்பது எம் துணிபு. மாறியவர் தாமாக இருக்க, போயிற்று கடிதம் என்று அழுகின்றனர்.

இம்மயக்கம் இல்லாத பாட்டு ஒன்றினைக் காட்டுதும். தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்று 243ஆம் பாட்டில் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியது, மகளிரொடு கைகோத்து ஆடியது, நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையில் நின்றார் வியக்க மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்தது ஆகிய இவையே அவர் நினைவுகள். இன்று கையில் தண்டு. இருமலுக்கு இடையே சில சொற்கள். இப்பாட்டில் பழிச்சொல் ஒன்றுதானும் இல்லாமை நோக்குக. மடுவும் மருதமும் கெட்டுவிட்டன என அவர் கூறவில்லை. இக்காலச் சிறுவர் குதிப்பதில்லை எனவும் கூறவில்லை. மாறியது தம் உடம்பே என்பதை அறிந்தவர் அவர். அவ்வறிவே அப்பாட்டுக்கு வலிமை தருகின்றது. இற்றை நினைவேக்கக் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் அந்த இருமலைத் தேடுகின்றேன், பெரும்பாலும் கிடைப்பதில்லை.

உரைநடையில் நோக்கின், டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த ‘என் சரித்திரம்’ நினைவுக்கு வருகின்றது. 1855இற் பிறந்த அவர், தாம் இளமையிற் கண்ட உத்தமதானபுரத்தையும் பின்னர்க் கண்ட உத்தமதானபுரத்தையும் ஒப்பிட்டுப் பழைய ஊரின் அமைதியையும் மனநிறைவையும் பரிவோடு கூறுகின்றார். அவர்க்கு ‘முன்’ என்பது புகைவண்டி வருமுன் இருந்த காலம். இற்றை எழுத்தாளர்க்குப் புகைவண்டியில் வந்த அஞ்சற்பையே ‘முன்’ ஆகிவிட்டது. தந்தியின் வரலாறு இன்னும் சுவையுடையது. 1942இல் மதுரையில் தோன்றிய நாளிதழ் ஒன்று ‘தந்தி’ என்பதனையே தன் பெயராகக் கொண்டது. அன்று தந்தி என்றால் விரைவு. அதே சொல் இன்று பொறுமைக் காலத்தின் அடையாளமாக நினைவேக்கக் கட்டுரைகளில் வலம்வருகின்றது. விரைவைப் பழிப்பார் பண்டை விரைவு ஒன்றையே புகழ்கின்றனர் என்பதை அவர் அறிந்திலர்.

இனி, கடிதம் இருவர்க்கிடையே அமைந்த தனியுலகம் என்னும் கருத்தை ஆராய்வாம். தமிழிலக்கியத்தில் கடிதம் பற்றிய காட்சிகளுள் தலைசிறந்தவை சிலப்பதிகாரத்தில் உள்ளன. மாதவி கோவலனுக்கு இருமுறை எழுதுகின்றாள். வேனிற்காதையில் எழுதியது தாழை மடலில், பித்திகை முகையை எழுதுகோலாகவும் செம்பஞ்சுக் குழம்பை மையாகவும் கொண்டு எழுதியது. வசந்தமாலை அதனைக் கூலமறுகிற் கண்ட கோவலனிடம் நீட்ட, அவன் வாங்க மறுக்கின்றான். மாதவியின் அன்பையெல்லாம் நாடக மகளின் நடிப்பாகவே எடுத்துரைத்து அனுப்பிவிடுகின்றான். முதற்கடிதம் படிக்கப்படவே இல்லை. அதற்கு எழுத்தும் மணமும் அழகும் எல்லாம் இருந்தன. பெறுவார் மட்டும் இல்லை.

இரண்டாம் கடிதம் புறஞ்சேரியிறுத்த காதையில் வருகின்றது. கோசிகமாணி கொணர்ந்த ஓலையின் இலச்சினையில் மாதவியின் கூந்தல் மணம் இன்னும் மாறவில்லை. அம்மணம் கோவலனுக்குப் பழைய நாள்களை உணர்த்துகின்றது. இவ்வளவில் நினைவேக்கர் மகிழ்வர். அடுத்து நிகழ்வதே அடிகளின் மாட்சி. ஓலையைப் படித்த கோவலன், தவறு அவளுடையதன்று, தன்னுடையதே எனத் தெளிகின்றான். தெளிந்தவன் மாதவிக்கு மறுமொழி எழுதவில்லை. அவ்வோலையின் வாசகம் தன் பெற்றோரிடம் தான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துவது கண்டு, அதனையே தந்தையிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கொடுத்து விடுகின்றான். காதலி தன்பொருட்டு எழுதிய பொறுத்தருள வேண்டும் சொற்கள், மகன் பெற்றோர்க்கு விடுத்த சொற்களாகி விடுகின்றன.

இங்கே கடிதம் எவருடையது? எழுதியவள் மாதவி; அனுப்புபவன் கோவலன்; பெறுவார் முதியோர்; இடைநின்று எடுத்துச் செல்பவன் பார்ப்பனன். கண்ணகி அவ்விடத்தில் இல்லை. வழியிற் பொருள் மாறும் இயல்பு கடிதத்திற்கு உண்டு என்பதனையும், மூன்றாமவர் ஒருவர் அதனிடை எப்போதும் நிற்பர் என்பதனையும் இளங்கோவடிகள் கண்டிருந்தனர். இருவர் தனியுலகம் என்பது அடிகள் அறியாதது. மாதவி எழுத வல்லவள் என்பதையும் மறத்தலாகாது. எழுத வல்லவளுக்கே இந்நிலை எனின், எழுதமாட்டாதார் நிலையை என்னென்பது?

கடிதம் நெஞ்சைத் திறந்துவைப்பது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? வீடுகளில் வந்து குவிந்த கடிதங்களிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. நூல்களிலிருந்து வந்தது என்றே தோன்றுகின்றது. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ 1921இல் வெளிவந்தது. பின்னர் டாக்டர் மு. வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’ எனக் கடித வடிவில் நூல்கள் எழுதினார். புதுமைப்பித்தன் தம் மனைவியார்க்கு எழுதிய கடிதங்கள் அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் நூலாயின. இவையெல்லாம் எழுத்தே தொழிலாகவோ எழுத்தே மூச்சாகவோ கொண்டவர் எழுதியவை. இவற்றைப் படித்து வளர்ந்தவர் தம் இளமைக்கால வீட்டுக்கு வந்த கடிதங்களையும் இவை போன்றனவாகவே பின்னாளில் நினைவு கூர்கின்றனர்.

வீடுகளுக்கு வந்த கடிதம் எத்தகையது? தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் ஊரும் நாளும். ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடத்து நலத்திற்கு எழுதவும்’ என்னும் தொடக்கம். பின்னர் ‘நிற்க’ என ஒரு சொல். அதன்பின் செய்தி: மழை பெய்தது அல்லது பெய்யவில்லை, மாடு கன்று ஈன்றது, பணம் வந்து சேர்ந்தது அல்லது சேரவில்லை. இறுதியில் ‘மற்றவை நேரில்’. மங்கலச் செய்தியாயின் மூலைகளில் மஞ்சள் தடவுவர். சாவுச் செய்தியாயின் படித்தவுடன் கிழித்தெறிவர். வீட்டினுள் வைத்தலாகாது என்பது வழக்கு.

இவ்வாய்பாடுகளைப் பழைமையின் அழகு என்பர் நினைவேக்கர். சிலர் நகையாடவும் செய்வர். இவை ஏன் தோன்றின என ஆராய்ந்தார் மிகச்சிலர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்டிருள் நூற்றுக்கு 9 பேர்தாமும் இலர். உள்நாட்டுக் கடிதத்தாள் அறிமுகமானது அதற்கு முந்திய ஆண்டு, 1950 அக்டோபர் 2இல். ஆகவே, அந்நீலத்தாள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்தபோது அதனைத் தாமே எழுதவும் தாமே படிக்கவும் வல்லார் சிறுபான்மையினர். ஏனையோர் பிறர் கையால் எழுதுவித்துப் பிறர் வாயால் கேட்டனர். எழுதிக் கொடுத்தவர் பள்ளி ஆசிரியராகவோ, அஞ்சலகத்து வாயிலில் அமர்ந்து கூலிக்கு எழுதுபவராகவோ, அண்டை வீட்டுப் பள்ளிச் சிறுவராகவோ இருப்பர். படித்துக் காட்டியவர் பல ஊர்களில் அஞ்சற்காரரே. 1879 முதல் வழங்கிய அஞ்சலட்டையோ கால் அணாவுக்குக் கிடைத்தது, மலிவானது, ஆனால் தெருவுக்கே திறந்து கிடப்பது. இந்நிலையில் வாய்பாடு என்பது ஒரு திரை. சொல்பவள், எழுதுபவன் முன் தன் நெஞ்சைத் திறவாமலே, தான் உயிரோடு இருக்கின்றமையையும் மறவாமையையும் மகனுக்குத் தெரிவிக்க அமைத்துக்கொண்ட திரை அது.

‘மற்றவை நேரில்’ என்பதன் பொருள் இவ்விடத்தில் விளங்கும். நேரிற் காணும் ஆர்வத்தை உணர்த்துவது இத்தொடர் என்று உரைத்தல் வழக்கம். ஒரோவழி அதுவும் உண்மையாகலாம். ஆயின், பிறரைக் கொண்டு எழுதுவித்தார் கடிதங்களில் இத்தொடர்க்குப் பொருள் வேறு. எழுதுகின்றவன் எதிரே அமர்ந்திருக்கின்றான். சொல்ல வேண்டியதை அவன் கேட்கச் சொல்லல் இயலாது. அச்சொல்லப்படாமையின் பெயரே ‘மற்றவை நேரில்’. கடிதத்தின் கனமான பகுதி கடிதத்திற்கு வெளியே நின்றது என்பதற்கு அத்தொடரே சான்று.

இது நூலறிவால் மட்டும் கூறுவதன்று. சிறுவனாய் இருந்த காலத்து, வடநாட்டில் படையிற் பணிசெய்த மகனுக்கு அண்டை வீட்டு மூதாட்டியார் அனுப்பிய கடிதங்களை எழுதிக் கொடுத்தவன் இக்கட்டுரையாளன். அவர் திண்ணையில் அமர்ந்து சொல்வார். மருமகள் உள்ளே அடுப்படியில் இருப்பார். சில சொற்கள் சொல்லி, உள்ளே ஒருமுறை நோக்கி, நெடுநேரம் வாளா இருப்பார். பின்னர், ‘மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கிடுவோம்னு போடு ராசா’ என்பார். யானும் ‘மற்றவை நேரில்’ என எழுதி முடிப்பேன். இலக்கணப் பிழையின்றி எழுதுவதில் பெருமிதம் கொண்ட வயது அது. அவர் சொன்ன கொச்சைச் சொற்களையெல்லாம் திருத்திப் பள்ளித் தமிழாக்கினேன். மகனுக்குச் சென்றவை தாயின் சொற்கள் அல்ல, என் சொற்களே என்பது பல ஆண்டு கழித்தே எனக்குப் புலனாயிற்று. கையெழுத்தில் நெஞ்சம் தெரியும் என எழுதுவாரைப் படிக்கும்போதெல்லாம், அம்மகன் அத்தாள்களில் எவர் நெஞ்சத்தைக் கண்டிருப்பான் என எண்ணுகின்றேன்.

தந்தியின்கண் இந்நிலை இன்னும் கொடியது. தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் ஆதலின் அதற்கும் வாய்பாடுகள் அமைந்தன. ‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி’ என்பதனை அறியாதார் அக்காலத்தில் இலர். ‘சீரியஸ்’ என்றால் இறந்துவிட்டார் என்றே பலர் பொருள் கொண்டனர்; பலகால் அதுவே உண்மையாகவும் இருந்தது. தந்திக்காரர் தெருவில் நுழைந்தவுடனே அழுகை தொடங்குதலும், ஆங்கிலம் அறிந்தார் ஒருவரைத் தேடி ஓடுதலும், வேலை கிடைத்த செய்தி என அறிந்தபின் அழுகையை நிறுத்தமாட்டாது நகைத்தலும் ஊர்தோறும் சொல்லப்படும் கதைகள். நினைவேக்கக் கட்டுரைகள் இக்கதைகளை நகைச்சுவைக்காகவே கூறுகின்றன. படிக்கத் தெரியாத ஒரு தாள் தன் கையில் இருக்க, அதனுள் இருப்பது சாவா வாழ்வா என்பதறியாது ஒருத்தி நின்ற அக்கால் நாழிகையை எழுதினார் அரியர்.

இங்ஙனம் கூறுதலால், போனது ஒன்றும் பொருட்டன்று என்பது எம் கருத்தாக யாரும் கொள்ளற்க. தாளில் எழுதியது நிற்கும். உ. வே. சா. தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தமையால் அன்றோ, சுவடி தேடிய வரலாற்றை இன்று நாம் நாள் முறையாகக் காண்கின்றோம்! பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் எழுதியவை உட்பட அவர்க்கு வந்த கடிதங்கள் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் உள்ளன. ஆய்வாளர் இவற்றைப் பதிப்பித்தும் வருகின்றனர். கைப்பேசிச் செய்திகளிலிருந்து வருங்காலத்தார் இத்தகைய வரலாற்றைத் தொகுக்க இயலுமா என்பது ஐயமே. கருவி பழுதாயின் செய்தியும் போம். இஃது உண்மையான இழப்பு. நினைவேக்கர் இதனை வலியுறுத்துவராயின் அவரோடு யாமும் உடன்படுவோம்.

ஆயினும், அங்ஙனம் நின்ற கடிதங்கள் எவருடையவை என நோக்குக. புலவர், பதிப்பாசிரியர், எழுத்தாளர், தலைவர் ஆகியோருடையவை. புதுமைப்பித்தன் மனைவியார்க்கு எழுதியவற்றைத் தமிழுலகம் விரும்பிப் படிக்கின்றது. அத்தொகுதியிற் கேட்பது கணவர் குரலே. கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதை எழுதியவர் என்பதை நினையுங்கால் இவ்வொருபுடைமை உறுத்தவே செய்கின்றது. எழுதத் தெரிந்தவள் குரலே இவ்வாறு மறைய நேர்ந்ததெனின், எழுதுவித்தவள் குரல் தாளில் ஏறவேயில்லை. கடிதக்காலம் போயிற்றே என்று அவள் இரங்கமாட்டாள். இன்று எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி கைப்பேசியைச் செவியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் சொல்லாலே தன் மகனோடு பேசுகின்றாள். இடையே சிறுவன் இல்லை, ஆசிரியர் இல்லை, அஞ்சற்காரர் இல்லை. மாதவிக்கும் கிடைக்காத பேறு இது. நினைவேக்க எழுத்துகளில் இம்மூதாட்டி எங்கும் காணப்படாமை, அவை எழுதத் தெரிந்தார் எழுதியவை என்பதனாலேயே.

கி. ராஜநாராயணன் போன்றோர் பேச்சு வழக்கையே எழுத்தாக்கிய பின்னர், இக்குறையை நீக்கும் வழி தமிழ் உரைநடைக்குத் திறந்தே உள்ளது. கடிதம் எழுதியவரையும் பெற்றவரையும் விடுத்து, எழுதிக் கொடுத்தவரும் படித்துக் காட்டியவரும் தம் நினைவுகளை எழுதுவாராயின் அவை புதுவதாய் அமையும். திருத்தி எழுதியவை எவை, விட்டுவிட்டவை எவை, படித்துக்காட்டும்போது மறைத்தவை எவை என அவர்கள் கூறல் வேண்டும். அவருள் பலர் இன்று முதுமையெய்தினர்; காலம் மிகுதியாக இல்லை.

அம்மூதாட்டியார் வீட்டுச் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கடிதங்களையெல்லாம் அதிற் குத்தி வைத்திருப்பார். பல ஆண்டுக்குப்பின் அவ்வீட்டிற்குச் சென்றபோது கம்பி அங்கேயே இருந்தது. மகன் எழுதியவை அடியிலிருந்து மேல்வரை ஒழுங்காக நின்றன. மேலே இருந்த ஒன்றை எடுத்து நோக்கினேன். நலம் கூறி, ‘நிற்க’ எனத் திரும்பி, பணம் அனுப்பியதைச் சொல்லி, ‘மற்றவை நேரில்’ என அதுவும் முடிந்திருந்தது. அம்மகன் எழுத்தறிந்தவன், தானே எழுதியது. எனினும் அதனைத் தாய்க்குப் படித்துக் காட்டுபவன் யான் என்பதை அவனும் அறிந்திருந்தான்.